ஏழு மிடறும் குடும்பப் பந்தயமும்

எங்கள் மாகாணத்து மோட்டார் பந்தயச் சம்மேளனத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கப் பதினான்கு மாதம் பாடுபட்டார்கள். குடும்பத்தோடு பார்க்க வரும் பந்தயத்தில் மது இருக்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. ஒன்பது பேர் கொண்ட கமிஷன் அமைத்தார்கள். கமிஷன் நான்கு மாகாணங்களுக்குப் போனது. ஒவ்வொரு மைதானத்திலும் மது எப்படிக் கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது, எத்தனை மணி வரை கிடைக்கிறது என்று தன் உடம்பை வருத்தி நேரடியாக ஆராய்ந்தது. திரும்பி வந்தபோது இரண்டு பேரைக் கைத்தாங்கலாகத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

கேள்வி எழுந்ததற்குக் காரணம் முந்தின வருஷம் நடந்த ஒரு சம்பவம். பந்தயத்தில் இரண்டு கார் மோதி மஞ்சள் கொடி காட்டினார்கள். உடனே பாதுகாப்புக் கார் உள்ளே போக வேண்டும். போகவில்லை. அந்தக் காருக்குள் ஒருவர் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போனவர்களை அடிக்க வந்தார். அவர் சம்மேளனத்தின் பொருளாளர். ஆகவே ரசிகர்களின் குடிப்பழக்கத்துக்கு உடனே ஒரு வழி செய்தாக வேண்டும் என்று சம்மேளனம் தீர்மானித்தது.

தீர்மானம் எண் நாற்பத்தேழை எங்கள் பாஸோ யத்தாய் ஊர் மன்றத்தில் வந்து படித்தவர் தலைவர் டாக்டர் அபெலார்தோ விஸ்காரா. ஊசி போடும் டாக்டர் இல்லை, வக்கீல். எங்கள் பக்கம் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

"மதுவை நாங்க தடை பண்ணல" என்றார் டாக்டர். "ஏன்னா பீர் கம்பெனிக்காரங்கதான் கேலரிக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்காங்க. குடும்பத்தையும் நாங்க தடை பண்ணல. ஏன்னா அதுக்குப் பேரே குடும்பப் பந்தயம். நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கக் கூடாது. எங்க வீட்ல முப்பது வருஷமா அப்படித்தான் நடக்குது. இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வந்ததில்ல."

அவர் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை.

ஏற்பாடு இதுதான். வாசலில் எல்லோரையும் ஊதச் சொல்வார்கள். மூச்சில் வாடை இல்லாதவர்கள் கேலரிக்குப் போகலாம். வாடை இருப்பவர்கள் 'பொறுப்புள்ள மகிழ்ச்சி வளாக'த்துக்குப் போக வேண்டும். மூன்றரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் துணி கட்டி மறைத்த இடம் அது. உள்ளே பீர் விற்கும், வானம் தெரியும், பந்தயம் தெரியாது. ஊரில் நாங்கள் அதற்குப் பட்டி என்று பெயர் வைத்தோம்.

முதல் குடும்பப் பந்தயத்துக்குத் தேதி குறிக்க, தலைநகர் புவனோஸ் ஐரிஸிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கழுத்தில் மெல்லிய சால்வை சுற்றிய பையன்முகக்காரர். மூன்று வருஷத்து மது விற்பனைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, வருஷத்திலேயே எங்கள் மாகாணத்தில் மிகக் குறைவாகச் சாராயம் விற்கும் நாள் ஆகஸ்ட் முதல் தேதிதான் என்று கண்டுபிடித்தார். மக்கள் தாமாகவே குடிக்காமல் இருக்கும் நாள் என்று அறிக்கையில் எழுதினார்.

அட கடவுளே! ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கொரியெந்தெஸ் மாகாணத்தில் யாரும் சாராயம் வாங்க மாட்டார்கள். ஜூலை மாதமே வாங்கி, அருவதாத் தழையைப் போட்டு ஊறவைத்து, ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் தயாராக இருக்கும். ஒன்றாம் தேதி விடிந்ததும் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஏழு மிடறு. அதைக் குடித்தவரை, ஆகஸ்டில் வரும் எங்கள் குளிர்காலத்து நோயும் கண்ணேறும் அண்டாது. குடிக்காதவன் ஆகஸ்டைத் தாண்டுவானா என்பது சந்தேகம். சாமி கும்பிடாதவன்கூட இதைத் தவறவிட மாட்டான். கமிஷனில் இருந்த ஒன்பது பேரும் எங்கள் மாகாணத்துக்காரர்கள். ஒன்பது பேருக்கும் இது தெரியும். ஆலோசகர் கேட்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லவில்லை.

எனக்கு இந்தத் தேதியில் ஒரு தலைவலி இருந்தது. என் மகள் யமிலாவுக்கு அதுதான் முதல் பந்தயம்.

நான் டிராக்டர் மெக்கானிக். பேர் எலிகியோ என்சினா. இரண்டு வருஷம் நானும் அவளும் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பழைய குட்டிக் காரைப் பிரித்துச் சேர்த்தோம். இருபத்தேழாம் நம்பர். அவளுக்குப் பத்தொன்பது வயது, என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஒரே ஒரு குறை. மூன்றாவது வளைவு வந்தால் பயந்து, காலைத் தூக்கிக் கியரைக் குறைத்துவிடுவாள். அங்கேதான் மற்ற கார்கள் அவளைத் தாண்டும். பயிற்சியின்போது நான் அந்த வளைவில் வேலியோரம் நின்று கையை உயர்த்திக் காட்டுவேன். பயப்படாதே, அழுத்து என்று அர்த்தம். கை தெரிந்தால் அழுத்துவாள். அந்தக் குட்டிக் கார் பந்தயத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. என் கைதான் ரேடியோ.

"வேற எங்கயும் நீ வர வேண்டாம்ப்பா" என்று முந்தின நாள் சொன்னாள். "மூணாவது வளைவுல மட்டும் நில்லு. பன்னெண்டு ரவுண்டும் நில்லு. நீ இல்லேன்னா நான் பிரேக்க மிதிச்சிருவேன்."

"எங்கம்மா போயிடப் போறேன்?" என்றேன்.

ஒன்றாம் தேதி விடிந்தது. யமிலா அதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விட்டாள். என் மனைவி ஃபெலிப்பா பாட்டிலோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"வாயத் திற."

"இன்னிக்கு வேண்டாம் ஃபெலிப்பா. வாசல்ல ஊதச் சொல்லுவாங்க."

"அப்போ செத்துப் போ. நான் கறுப்புக் கட்டிக்கறேன்."

ஏழு மிடறு குடித்தேன். பாட்டிலை மூடுவாள் என்று பார்த்தேன். மூடவில்லை.

"இன்னொரு ஏழு."

"இது எதுக்குடி?"

"பொண்ணுக்கு. அவ வண்டி ஓட்டறா, அவளால குடிக்க முடியாது. அவளுக்குப் பதிலா யாராவது குடிக்கணுமில்ல?"

"நீ குடியேன்."

"பத்து மாசம் சுமந்தேன். இதையும் நானேவா செய்யணும்?"

குடித்தேன். அதோடும் விடவில்லை. பதிலுக்குக் குடித்தது பாதிதான் சேருமாம். பந்தயம் முடிந்து பொழுது சாய்வதற்குள் யமிலாவே ஏழு மிடறு குடித்தால்தான் முழுசாகச் சேருமாம். அதற்காக ஒரு சின்ன பாட்டிலைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் வரிசை சாலை வரைக்கும் நின்றது. ஊதும் கருவியோடு நின்றவர் செனோரா நீல்தா பர்போசா, பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். முதல் ஆள் ஊதினான், கருவி கத்தியது. இரண்டாவது ஆள் ஊதினான், கத்தியது. கார்களுக்கு மந்திரித்துத் தண்ணீர் தெளிக்க வந்த பாதிரியார் ஊதினார். கத்தியது மட்டுமில்லாமல் சிவப்பு விளக்கும் எரிந்தது. போகப் போக, யாரும் ஊதாமலே கத்த ஆரம்பித்தது. செனோரா நீல்தா கருவியைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்ததுதான் காரணம்.

"டீச்சர், நீங்களும் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அதிகாரி" என்றார். "அதிகாரி எடுத்துக்கிட்டா அது மருந்து. சர்டிபிகேட் இருக்கு."

"எனக்கும் ஒரு சர்டிபிகேட் கெடைக்குமா?"

"முப்பது நாளைக்கு முன்னால மனு குடுக்கணும். மனு பாரம் இன்னிக்குக் காலையிலதான் அச்சடிச்சு வந்துச்சு. ஊதுங்க தோன் எலிகியோ."

ஊதினேன். கருவி மூன்று நிமிஷம் நிறுத்தாமல் அலறியது. டீச்சர் எண்ணைப் பார்த்தார். பிறகு காலையிலிருந்து எண்களைக் குறித்துவந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். ஆகஸ்ட் ஒன்று அளவு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் வரும் என்று காலை முதல் ஊதவைத்து அவருக்கே பழகிப்போயிருந்தது.

"இது ரெண்டு ஆள் அளவு" என்றார். "இன்னொருத்தர் எங்க?"

இன்னொருத்தர் என் மகள் என்று சொன்னால் என்ன ஆகும்? இருபத்தேழாம் நம்பர் ஓட்டுநரின் பங்கு இது என்று எழுதிக்கொள்வார்கள். எழுதிவிட்டால் போச்சு, அவள் ஊதிச் சுத்தமாக இருந்தாலும் எழுதினது எழுதினதுதான். காரை நிறுத்திவிடுவார்கள்.

"இன்னொருத்தரும் நான்தான்" என்றேன்.

டீச்சர் பதிவேட்டை எடுத்தார். ஃபெலிப்பா என் காலை மிதித்தாள். கடைசியில் என் இரண்டு கையிலும் ஒவ்வொரு மஞ்சள் பட்டை கட்டினார்கள். பதிவேட்டில் என்சினா ஒன்று, என்சினா இரண்டு என்று ஏறியது. இரண்டு பேரையும் பட்டிக்கு அனுப்பினார்கள்.

நான் நேரே டாக்டர் விஸ்காராவைப் போய்ப் பார்த்தேன். அலுவலகத்தில் கமிஷன்காரர்கள் ஒன்பது பேரும் இருந்தார்கள். அறை முழுக்க அருவதா வாடை கமகமவென்று அடித்தது.

"டாக்டர், என் பொண்ணு ஓட்டறா. மூணாவது வளைவுல நான் நிக்கணும். வேலியோரமா, ஒரு ஓரமா நிக்கறேன். யார்கிட்டயும் மூச்சுகூட விட மாட்டேன்."

டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "எலிகியோ, ஒரு அப்பாவோட வேதனை எனக்குப் புரியாதா? புரியுது. அதனாலதான் விதியை இவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன், புரிஞ்சுக்கிட்டு மனசு மாறிடக் கூடாதுன்னு. உனக்கு ஒரு நல்ல சேதி சொல்லட்டுமா? பட்டியை... மன்னிக்கணும், வளாகத்தை எங்க போட்டிருக்கோம் தெரியுமா? மூணாவது வளைவுலதான்!"

உண்மைதான். கேலரியிலிருந்து அதுதான் ரொம்பத் தூரம். நான் எப்போதும் நிற்கும் வேலியோரத்தில்தான் நின்றேன். மூக்குக்கு முன்னால் கறுப்புத் துணி.

பட்டிக்குள் ஊரே இருந்தது. ஆயிரத்து முந்நூறு பேர் என்று பிறகு சொன்னார்கள். பாதிரியார் ஒரு மூலையில் தீர்த்தச் செம்போடு உட்கார்ந்திருந்தார். கேலரியில் யார் இருந்தார்கள் என்றால் பிள்ளைகள். இருநூறு சில்லறைப் பிள்ளைகள் மட்டும்தான் ஊதித் தேறினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள, சாராயமே தொடாத சபையைச் சேர்ந்த ஒரு பாஸ்டரின் குடும்பத்தை உட்காரவைத்தார்கள். பாவம், அந்த மனிதர் நல்லவர், எல்லாப் பிள்ளைகளையும் பாட்டுப் பாடவைத்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் அந்தக் காட்சியைப் படம் பிடித்தார். குடும்பங்கள் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்து இதுவரை பார்த்ததே இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

பந்தயம் தொடங்கியது. பன்னிரண்டு கார், பன்னிரண்டு சுற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயிரம் இன்ஜினில் என் இன்ஜின் எது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சிலிண்டர் லேசாக இருமும்.

முதல் சுற்று. இருமல் பக்கத்தில் வந்தது. கையை உயர்த்தினேன். துணிக்கு இந்தப் பக்கம் உயர்த்தி என்ன பிரயோஜனம்? வளைவு வந்ததும் சத்தம் விழுந்தது. காலைத் தூக்கிவிட்டாள். இரண்டு கார் அவளைத் தாண்டிப் போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னாச்சு கொம்பாத்ரே?" என்றான் சிக்ஸ்தோ. அவன் யமிலாவின் ஞானத்தகப்பன், கசாப்புக்கடைக்காரன், எருது மாதிரி இருப்பான்.

"தேடறாடா. என்னைத் தேடிட்டுக் காலைத் தூக்கறா."

"ஏறு" என்று குனிந்தான்.

நான்காவது சுற்றில் அவன் தோள்மேல் ஏறி நின்றேன். மூன்று விரல்தான் துணிக்கு மேலே போயிருக்கும். உடனே விசில். ஏணிமேல் உட்கார்ந்திருந்த காவலாள் கத்தினான்.

"யோவ், எறங்கு! கை வெளிய தெரியுது!"

"கைதானே சமிகோ?" என்றான் சிக்ஸ்தோ. அந்நியனையும் நண்பா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். "கையைப் பாத்து எந்தக் கொழந்தை கெட்டுப்போகும்?"

"யாரு கை அது?"

"எலிகியோவோடது."

காவலாள் பதிவேட்டைப் புரட்டினான். "ஒண்ணோடதா, ரெண்டோடதா?"

அவனால் முடிவு செய்ய முடியவில்லை. மேலே சொல்லி அனுப்பினான். ஐந்தாவது சுற்றில் கமிஷன் முழுவதும் பட்டிக்குள் வந்து ஏணியடியில் கூடியது. நாற்காலி போட்டார்கள். ஆறாவது சுற்றில் விவாதம் தொடங்கியது.

"குடிச்சது வாய்தான். கை குடிக்கல" என்றார் ஒருவர்.

"பாட்டிலப் புடிச்சது கைதானே?" என்றார் இன்னொருவர்.

"எம் பொண்டாட்டிதான் ஊட்டிவிட்டா, ஐயா!" என்று நான் கத்தினேன்.

"அப்போ இது அவரு மனைவியோட கையைப் பத்தின விஷயம்" என்றார் மூன்றாமவர். "அந்தக் கை இன்னும் விண்ணப்பிக்கல."

ஏழாவது சுற்று போனது. எட்டு போனது. ஒவ்வொரு சுற்றிலும் இருமல் வரும், வளைவில் சத்தம் விழும். நான் ஒவ்வொரு தடவையும் தரையில் நின்றபடியே கையை உயர்த்திக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய? ஃபெலிப்பா என் பக்கத்தில் நின்று துணியை முறைத்துக்கொண்டிருந்தாள். பொருளாளர் மட்டும் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை, நாற்காலியில் தூங்கிவிட்டார்.

ஒன்பதாவது சுற்றில் டாக்டர் தீர்ப்புச் சொன்னார். "நாங்க இரக்கமில்லாதவங்க இல்ல. கை தெரியலாம். ஆனா குடிச்சவனோட தோல், பிள்ளைங்க கண்ணுல படக் கூடாது. அதனால கையுறை போட்டுக்கணும்."

கொடி காட்டுபவரின் வெள்ளைக் கையுறையைக் கொண்டுவர ஆள் ஓடினான். பத்தாவது சுற்று போனது, பதினோராவதும் போனது. கையுறை வந்தது. நான் பாய்ந்து போய் வாங்கப் போனேன்.

"பொறு, பொறு" என்றார் டாக்டர். "கேலரியிலேர்ந்து பாத்தா இது கண்ணியமா தெரியுதான்னு முதல்ல சோதிக்கணும். இந்த மாதிரி பொறுப்பை நான் யார்கிட்டயும் குடுக்கறதில்ல."

அவரே கையுறையை மாட்டிக்கொண்டார். ஏணியில் ஏறினார். வெள்ளைக் கையைத் துணிக்கு மேலே உயர்த்தினார். அந்தப் பக்கமிருந்து ஆலோசகர் போனில் பேசினார். "தெரியுது டாக்டர்! ரொம்ப நல்லா தெரியுது!" கேலரியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் டாக்டருக்கு இறங்க மனசு வரவில்லை. கையை உயர்த்தியபடியே நின்றார்.

"டாக்டர், எறங்குங்க! கடைசி ரவுண்டு! உங்க காலப் புடிக்கறேன்!" என்று நிஜமாகவே காலைப் பிடித்தேன்.

"ஏணிய ஆட்டாத எலிகியோ. இது சோதனை."

பன்னிரண்டாவது சுற்று. இருமல் வந்தது. நான் டாக்டரின் காலை விட்டுவிட்டு என் கையை உயர்த்தினேன். வளைவு வந்தது. சத்தம் விழவில்லை.

விழவே இல்லை! அழுத்திப் பிடித்தபடி அந்த இருமல் வளைவு முழுக்கப் போய், ஒரு காரைத் தாண்டியது, இன்னொரு காரைத் தாண்டியது. நான் ஃபெலிப்பாவைக் கட்டிக்கொண்டேன். பட்டியே அதிர்ந்தது. ஒலிபெருக்கி சொன்னது: மூன்றாவது இடம், இருபத்தேழாம் நம்பர், யமிலா என்சினா.

பரிசு மேடையை நாங்கள் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. பரிசு மேடையில் பொங்கும் ஒயினைப் பீய்ச்சியடிப்பது மரபு, மரபுக்குத் தீர்மானம் பொருந்தாது என்று கமிஷன் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று பேரும் பீய்ச்சியடித்தார்கள். முதல் இரண்டு பேர் பாட்டிலை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்கள். என் மகள் எனக்குக் காட்டலாம் என்று கையோடு எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். கடைசிப் படியில் செனோரா நீல்தா நின்றுகொண்டிருந்தார்.

"நான் குடிக்கவே இல்ல டீச்சர்! மேலதான் ஊத்தினாங்க!"

"மேலயா உள்ளயான்னு கருவிக்குத் தெரியாதும்மா. ஊது."

அப்படித்தான் என் மகள், தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் மஞ்சள் பட்டையோடு பட்டிக்குள் வந்தாள். ஊரே அவளைத் தூக்கியது. ஒலிபெருக்கியில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு மைதானத்தில் ஒரு குடும்பம்கூட மதுவைப் பார்க்கவில்லை, அடுத்த வருஷமும் ஆகஸ்ட் ஒன்றுதான் என்றார்.

ஃபெலிப்பா கைப்பையைத் திறந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். அதை யாரும் பிடுங்கவில்லை. மது இருக்க வேண்டிய இடத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். யமிலா ஏழு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"பதினோரு ரவுண்டு நீ இல்லாம செத்தேம்ப்பா. இனிமே வண்டியே தொடக் கூடாதுன்னு நெனச்சேன். கடைசி ரவுண்டுல துணிக்கு மேல உன் கை தெரிஞ்சுது பாரு, அழுத்திட்டேன்! அந்தக் கை மட்டும் இல்லேன்னா..."

ஃபெலிப்பா என்னைப் பார்த்தாள். சிக்ஸ்தோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஏணி இன்னும் அங்கேயேதான் சாய்ந்திருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

"ஆனா ஏம்ப்பா வெள்ளைக் கையுறை போட்டிருந்தே?"

"குளுரா இருந்துச்சும்மா" என்றேன்.